கன்டெய்னருக்குள் பெட்டி அடுக்கும் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் பின்னலாடை லோடுகளுக்கு ஏற்றும் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. பேக்கிங் லிஸ்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் கேட்பது, "ஒரு வண்டிக்கு எத்தனை பெட்டி ஏறும்?" என்பதுதான். அதைத் தொடர்ந்து வரும் கேள்விகளுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

கணக்கு மனசில் தங்க வேண்டும் என்பதற்காக எல்லா இடத்திலும் ஒரே பெட்டியை எடுத்துக்கொள்கிறேன்: நீளம் 60, அகலம் 40, உயரம் 35 செ.மீ. கன்டெய்னர் 40 அடி ஹை க்யூப், அதாவது வழக்கத்தைவிட உயரமான வகை. அதன் உள்ளளவு நீளம் 1203, அகலம் 235, உயரம் 269 செ.மீ. வாசலின் உயரம் மட்டும் சுமார் 258. தயாரிப்பைப் பொறுத்து இந்த அளவுகள் ஓரிரு செ.மீ. முன்னே பின்னே இருக்கும்.

மொத்த சிபிஎம்மை, அதாவது கன மீட்டர் அளவை, பெட்டியின் சிபிஎம்மால் வகுத்தால் போதாதா?

போதாது. வகுத்துப் பாருங்கள். கன்டெய்னர் 76.05 கன மீட்டர், பெட்டி 0.084. விடை 905. அத்தனை பெட்டி அதில் ஒருநாளும் ஏறாது. மூலை முடுக்கெல்லாம் வழிந்து நிரம்ப அட்டைப்பெட்டி தண்ணீர் இல்லையே.

நிமிர்த்தி மட்டுமே வைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். உயரத்தில் 7 அடுக்கு, 245 செ.மீ. மேலே 24 செ.மீ. சும்மா கிடக்கும். இனித் தரையைப் பார்ப்போம். பெட்டிகளின் 60 செ.மீ. பக்கம் கன்டெய்னரின் நீளவாக்கில் வரும்படி எல்லாவற்றையும் வைத்தால் குறுக்கே 5, வரிசை 20, ஆக அடுக்குக்கு 100. மொத்தம் 700. பக்கச் சுவரை ஒட்டி 35 செ.மீ. அகலத்தில் ஒரு சந்து, முன் சுவரிலிருந்து வாசல் வரை காலியாகவே போகும். எல்லாவற்றையும் குறுக்குவாக்கில் திருப்பினால் குறுக்கே 3, வரிசை 30, ஆக 90. இது இன்னும் மோசம்.

இப்போது இரண்டையும் கலந்து பாருங்கள். மூன்று பெட்டி குறுக்கே, பக்கத்தில் ஒன்று நீளவாக்கில். 60 + 60 + 60 + 40 = 220. குறுக்கு வரிசைகளில் 90, நீளவாக்கில் 20, ஆக அடுக்குக்கு 110. ஏழு அடுக்குக்கு 770. அதே பெட்டிதான், அதே கன்டெய்னர்தான். சிலவற்றைத் திருப்பி வைத்ததில் 70 பெட்டி கூடிவிட்டது.

110-க்கு மேல் போகுமா? போகாது. 60, 40 இரண்டுமே 20-இன் மடங்குகள். அவற்றை எப்படிச் சேர்த்தாலும் 235 அகலத்தில் 220-ஐத்தான் பயன்படுத்த முடியும், 1203 நீளத்தில் 1200-ஐத்தான். 1200 × 220 என்ற பரப்பை ஒரு பெட்டியின் 2400-ஆல் வகுத்தால் சரியாக 110. இப்படி ஒரு மேல் எல்லையை முதலிலேயே போட்டுவைத்துக்கொள்வது எனக்குப் பிடித்த பழக்கம். 111-வது பெட்டியைத் தேடி ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதில்லை.

மேலே 24 செ.மீ. வீணாகிறதே, சில பெட்டிகளைப் படுக்கப் போட்டால் என்ன?

எண்ணிக்கை கூடும். 40 செ.மீ. உயரமாக வரும்படி படுக்கப் போட்டால் தரையில் 60 × 35 பிடிக்கும். குறுக்கே 6, வரிசை 20, அடுக்குக்கு 120. இப்படி நாலு அடுக்கும், நிமிர்ந்த நிலையில் மூன்று அடுக்கும் வைத்தால் உயரம் 160 + 105 = 265. எண்ணிக்கை 480 + 330 = 810.

ஆனால் நெளி அட்டையின் பலம் அதற்குள் ஓடும் நெளிகளில் இருக்கிறது. பெட்டி நிமிர்ந்திருக்கும்போது அவை செங்குத்தாக நின்று எடையைத் தாங்கும். படுக்கப் போட்டால் அந்தத் தாங்கும் சக்தி நன்றாகக் குறைந்துவிடும். கடல் பயணத்தில் ஈரம் வேறு சேரும். அடியில் இருப்பவை நசுங்கிப் போய்ச் சேர்ந்தால் நாற்பது பெட்டி கூட ஏற்றியதற்கு அர்த்தமே இல்லை. படுக்கப் போடுவதென்றால் மேல் இரண்டு அடுக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

வாசலையும் மறக்கக் கூடாது. 265 உயரத்துக்கு அடுக்கினால், கடைசி வரிசையின் மேல் பெட்டி 230-லிருந்து 265 வரை நிற்க வேண்டும். வாசல் 258-இல் முடிந்துவிடுகிறது. 28 செ.மீ. இடைவெளி வழியே 35 செ.மீ. பெட்டி நுழையாது. உள் வரிசைகளில் ஏறிய அதே அடுக்கு வாசலருகே நாலைந்து பெட்டி குறையும். கடைசி வரிசையில் நின்று தலையைச் சொறியும்போதுதான் பலருக்கு இது தெரியவரும்.

ஹியூரிஸ்டிக் என்றால் என்ன?

பட்டறிவில் பிறந்த விதி. ஆகச் சிறந்த விடை கிடைத்தே தீரும் என்ற உத்தரவாதம் கிடையாது. நல்ல விடை சீக்கிரம் கிடைக்கும். "பெரியதை முதலில் வை, சந்துபொந்தில் சின்னதைச் செருகு" என்று வீடு மாற்றும்போது அம்மா சொல்வதும் ஹியூரிஸ்டிக்தான். அந்த விதியைக் கணினிக்குப் புரியும்படி துல்லியமாக எழுதுவதுதான் இந்தத் துறையின் வேலை.

கணினிக்குத்தான் வேகம் இருக்கிறதே, எல்லா வழிகளையும் முயன்று பார்க்கட்டுமே?

வெவ்வேறு அளவில் 10 பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை ஏற்றும் வரிசை 36,28,800 விதம். ஒவ்வொரு பெட்டியையும் 6 விதமாகத் திருப்பலாம்; பத்துக்கும் சேர்த்து 6,04,66,176 விதம். இரண்டையும் பெருக்கினால் சுமார் 219 லட்சம் கோடி. இது பத்தே பெட்டிக்கு. ஒரு லோடில் இருநூறு முன்னூறு பெட்டி இருந்தால் அந்த எண் ஐந்நூறு இலக்கத்தைத் தாண்டிவிடும்.

இது என்.பி. ஹார்டு வகைக் கணக்கு. எந்த அளவு லோடுக்கும் சிறந்த விடையை விரைவாகத் தரும் பொதுவழி எதையும் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதனால்தான் ஹியூரிஸ்டிக்.

"பெரியதை முதலில்" என்ற விதி எவ்வளவு நம்பகமானது?

மூன்று பரிமாணத்தை விட்டு ஒரே பரிமாணத்தில் பார்த்தால் இது தெளிவாகும். 10 அடி நீளக் குழாய்களிலிருந்து 4, 4, 5, 5, 6, 6 அடித் துண்டுகள் வெட்ட வேண்டும். வந்த வரிசையிலேயே, இடமிருக்கும் முதல் குழாயில் வெட்டினால் 4+4, 5+5, 6, 6 என்று நாலு குழாய் செலவாகும். பெரியதிலிருந்து தொடங்கினால் 6+4, 6+4, 5+5. மூன்றே குழாய்.

இதே விதி கவிழும் இடமும் உண்டு. 4, 4, 3, 3, 3, 3 என்று துண்டுகள் வந்தால் முதல் குழாயில் 4+4 போய் 2 அடி வீணாகும், அடுத்ததில் 3+3+3, மிச்சமிருக்கும் ஒரு 3-க்காக மூன்றாவது குழாய். 4+3+3 என்று இரண்டு முறை வெட்டியிருந்தால் இரண்டே குழாயில் முடிந்திருக்கும்.

எவ்வளவு மோசமாகப் போகும் என்பதற்கு எல்லை இருக்கிறது என்பதுதான் இதில் அழகு. இந்த முறையில் செலவாகும் குழாய்களின் எண்ணிக்கை, சிறந்த விடையின் 11/9 பங்கோடு ஒரு சிறிய மாறிலியைக் கூட்டினால் வரும் எண்ணைத் தாண்டாது என்று 1973-இல் டேவிட் ஜான்சன் நிறுவினார். அந்த மாறிலி துல்லியமாக 6/9 என்று 2007-இல் கியர்கி டோசா காட்டினார். இவ்வளவு எளிய விதிக்கு இப்படி ஒரு வாக்குறுதி கிடைத்ததை இன்றும் வியப்போடுதான் பார்க்கிறேன்.

மூன்று பரிமாணத்துக்கு வந்தால் "பெரியது" எது என்பதே கேள்வியாகிவிடும். கன அளவா, அடிப்பரப்பா, மிக நீளமான பக்கமா? என் அனுபவத்தில் அடிப்பரப்பு நன்றாக வேலை செய்கிறது, ஆனால் எல்லா லோடுக்கும் அல்ல. ஓட்டிப் பார்க்க ஒரு விநாடிகூட ஆகாது, அதனால் மூன்றையும் ஓட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த பெட்டியை எங்கே வைப்பது என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

வெற்றிடத்தில் எண்ணற்ற புள்ளிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க முடியாது. ஒரு பெட்டியை உள்ளே, கீழே, ஓரமாகத் தள்ளிக்கொண்டே போனால் அது ஏதோ ஒரு மூலையில் போய் முட்டி நிற்கும். அந்த மூலைகளை மட்டும் பார்த்தால் போதும். மார்ட்டெல்லோ, பிசிங்கர், வீகோ மூவரும் 2000-இல் எழுதிய கட்டுரை இந்த மூலைப்புள்ளிகளை வைத்தே நடக்கிறது. அதில் ஒரு குறை: பெரிய பெட்டி ஒன்றின் நிழலில் ஒளிந்திருக்கும் பொந்துகள் கணக்கில் வராமல் போகும். 2008-இல் கிரைனிக், பெர்போலி, தாதெய் ஆகியோர் புதிதாக வைத்த பெட்டியின் மூலைகளிலிருந்து கோடுகளை நீட்டி, அவை அண்டைப் பெட்டியிலோ சுவரிலோ முட்டும் இடங்களையும் பட்டியலில் சேர்த்தார்கள். அப்புறம் பொந்துகளும் அகப்பட ஆரம்பித்தன.

வேறொரு வழி, மிச்சமிருக்கும் வெற்றிடங்களையே பெட்டிகளாகப் பார்ப்பது. ஒரு மூலையில் பெட்டி வைத்ததும் அதற்கு மேலே ஒரு பெரிய வெற்றிடம், பக்கத்தில் ஒன்று, முன்னால் ஒன்று. இவை ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கலாம். பெட்டி வைக்க வைக்க ஒவ்வொன்றையும் வெட்டிக்கொண்டே போக வேண்டும். நிரல் எழுத இது கொஞ்சம் பெரிய வேலை, ஆனால் சிக்கலான லோடுகளில் நான் நம்புவது இதைத்தான்.

சுவர் கட்டும் முறை என்கிறார்களே, அது என்ன?

லோடு ஏற்றும் ஆட்கள் காலங்காலமாகச் செய்வதுதான் அது. முன் சுவரை ஒட்டித் தரையிலிருந்து கூரை வரை ஒரு சுவர் எழுப்புவார்கள். அது முடிந்ததும் அதற்கு முன்னால் அடுத்த சுவர். அப்படியே பின்வாங்கிப் பின்வாங்கி வாசலுக்கு வந்துசேர்வார்கள்.

இதை முறையாக எழுதியவர்கள் ஜார்ஜும் ராபின்சனும், 1980-இல். ஒவ்வொரு சுவரையும் எந்தப் பெட்டியில் தொடங்குவது என்பதற்கு அவர்கள் வைத்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு பெட்டியின் ஆகச் சிறிய பக்கத்தைப் பார்; அந்தச் சிறிய பக்கம் எந்தப் பெட்டிக்குப் பெரிதாக இருக்கிறதோ அதை முதலில் எடு. தட்டையான பெட்டியை எந்தச் சந்திலும் செருகிவிடலாம். எந்தப் பக்கம் திருப்பினாலும் பருமனாக நிற்கும் பெட்டிதான் கடைசியில் தொல்லை கொடுக்கும். அதை ஆரம்பத்திலேயே இறக்கி வைத்துவிட வேண்டும். ஒரு சுவரில் மிஞ்சும் பள்ளத்தை அடுத்த சுவரின் இடத்தோடு சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடும் அவர்கள் முறையில் உண்டு.

பெட்டி வகை குறைவாக, எண்ணிக்கை அதிகமாக இருக்கும் லோடுகளுக்கு, அதாவது திருப்பூர் லோடுகள் பெரும்பாலானவற்றுக்கு, இந்த முறையே போதும். கணினி தரும் படத்தை ஆட்களும் ஒரே பார்வையில் புரிந்துகொள்வார்கள். இது சின்ன விஷயம் அல்ல.

மரபணு நெறிமுறை (ஜெனடிக் அல்காரிதம்), டாபு தேடல் எல்லாம் எதற்கு?

அவை அநேகமாகப் பெட்டியைத் தாங்களே வைப்பதில்லை. வைக்கும் வேலையை மேலே சொன்ன எளிய விதிக்கே விட்டுவிட்டு, எந்த வரிசையில் பெட்டிகளைக் கொடுப்பது, எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதை மாற்றி மாற்றிப் பார்க்கும். நல்ல விடை தந்த இரண்டு வரிசைகளைக் கலந்து புதிது உண்டாக்குவது மரபணு முறை. சமீபத்தில் போய்வந்த பாதைக்கே திரும்பாமல் தடுத்துக்கொண்டு தேடுவது டாபு. முதல் சில நிமிடத்தில் நல்ல முன்னேற்றம் தெரியும், பிறகு மந்தமாகிவிடும். ஒரே அளவுப் பெட்டிகளுக்கு இவை தேவையே இல்லை.

திட்டத்தில் 95 விழுக்காடு இடம் நிரம்பும் என்று வருகிறது, நேரில் ஏறவில்லை. ஏன்?

இந்த அடியை நானே வாங்கியிருக்கிறேன். நான் எழுதிய முதல் நிரல், இதே 60 × 40 × 35 பெட்டிக்கு 866 என்று சொன்னது, 95 விழுக்காட்டுக்கும் மேல். படுக்கப் போட்ட அடுக்குகளில் குறுக்கே ஒரு 60, ஐந்து 35. கூட்டினால் 235. கன்டெய்னரும் 235. நிரலைப் பொறுத்தவரை அது பொருந்துகிறது.

ஏற்றும் இடத்தில் முதல் வரிசையில் ஐந்து பெட்டி உட்கார்ந்தது. ஆறாவது பாதி நுழைந்து நின்றுவிட்டது. லோடுமேன் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் டேப்பை என் கையில் கொடுத்தார். பெட்டியின் ஓரத்தில் அளந்தால் 35, நடுவில் அளந்தால் 36-க்கும் மேல். உள்ளே துணி, டேப் ஒட்டிய பிறகு அட்டை உப்பியிருந்தது. திட்டத்தைத் தூக்கி வைத்துவிட்டு அவர்கள் வழக்கப்படி ஏற்றினார்கள். மிஞ்சிய பெட்டிகளுக்கு வேறு வண்டி பார்க்க வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து நிரப்பி ஒட்டிய பெட்டியை நடுவில் அளந்து, அந்த அளவைத்தான் கொடுக்கிறேன். அளக்க வழியில்லாவிட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 1 செ.மீ. கூட்டிக்கொள்கிறேன். 61 × 41 × 36 என்று போட்டுப் பாருங்கள். நீளவாக்கில் 20-க்குப் பதில் 19 வரிசை, குறுக்குவாக்கில் 30-க்குப் பதில் 29. மூன்று குறுக்கு, ஒன்று நீளம் என்ற அமைப்பில் அடுக்குக்கு 87 + 19 = 106; ஏழு அடுக்குக்கு 742. காகிதத்தில் 770, வாக்குக் கொடுப்பது 742.

எடைக் கணக்கு?

ஆடை லோடில் எடை ஒரு பிரச்சினையாக வராது. பெட்டிக்கு 15 கிலோ என்றாலும் 742 பெட்டி 11 டன் சொச்சம்தான். கன்டெய்னர் 26 டன்னுக்கு மேல் தாங்கும். கிரானைட், டைல்ஸ் என்றால் நேர் எதிர்: இடம் நிறைவதற்குள் எடை நிறைந்துவிடும். அங்கே எடையைப் பரப்பி வைப்பதுதான் முக்கியம். பாதி நீளத்துக்குள் மொத்த எடையில் 60 விழுக்காட்டுக்கு மேல் குவியக் கூடாது என்பது வழக்கமான விதி. 2016 ஜூலை 1 முதல் கன்டெய்னரின் சரிபார்த்த மொத்த எடையைக் கொடுக்காமல் கப்பலில் ஏற்ற முடியாது என்பதால், நிரலிலேயே எடையைக் கூட்டிக்கொண்டு வருவது நல்லது.

ஒரே கன்டெய்னரில் மூன்று ஆர்டர், மூன்று இடத்தில் இறக்க வேண்டும். அப்போது?

கடைசியில் இறங்குவது முதலில் ஏற வேண்டும். ஒவ்வொரு ஆர்டருக்கும் நீளத்தில் தனிப் பகுதி ஒதுக்கிச் சுவர் கட்டும் முறையைப் பகுதி பகுதியாக ஓட்டுங்கள். எல்லைகளில் கொஞ்சம் இடம் வீணாகும், பரவாயில்லை.

பெட்டியின் அளவையே மாற்றினால்?

இதை யாராவது கேட்டால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம், ஏனென்றால் பெரிய லாபம் இங்கேதான் இருக்கிறது. நம் பெட்டியின் உயரத்தை 35-லிருந்து 32-ஆகக் குறைக்க முடியுமானால், 8 அடுக்கு 256 செ.மீ. வாசலின் 258-க்குள் அடங்கும். காகிதக் கணக்கில் 770-க்குப் பதில் 880 பெட்டி. ஒவ்வொரு பெட்டியும் சிறியதானாலும் மொத்தச் சரக்கு 64.7 கன மீட்டரிலிருந்து 67.6-ஆக உயர்கிறது. உப்பலுக்கு 2 செ.மீ.தான் இடம் என்பதால் வாசலருகே கடைசி வரிசையில் ஏழு அடுக்கோடு நிறுத்த வேண்டி வரலாம். அதையும் கழித்தாலும் லாபம்தான். எவ்வளவு நல்ல நெறிமுறையும், பொருந்தாத பெட்டியை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. அட்டைப்பெட்டிக்கு ஆர்டர் போடும் முன்பே இந்தக் கணக்கைப் பாருங்கள்.

மூட்டை, துணி ரோல், பந்து மாதிரிச் சரக்குகளுக்கு?

ரோலை அதைச் சுற்றிய பெட்டியாக நினைத்துக் கணக்குப் போட்டால் குறைவாக வரும்; மேல் வரிசை ரோல்கள் கீழ்ப் பள்ளங்களில் இறங்கி உட்காரும். மூட்டை நசுங்கும், அதற்கு முன்பு ஏற்றிய லோடுகளின் பதிவே நல்ல வழிகாட்டி. ஒரே அளவுப் பந்துகளை எப்படி அடுக்கினாலும் சுமார் 74 விழுக்காட்டுக்கு மேல் இடம் நிரம்பாது. அந்த 74-ஐ எட்டுவது பழக்கடையில் ஆரஞ்சு அடுக்கும் முறைதான். 1611-இல் கெப்ளர் ஊகித்ததை 1998-இல் தாமஸ் ஹேல்ஸ் நிறுவினார், 2014-இல் கணினி வழிச் சரிபார்ப்பும் முடிந்தது.

நானே நிரல் எழுத வேண்டும். எங்கே தொடங்குவது?

ஒரே அளவுப் பெட்டிக்கு, இந்தப் பக்கத்தின் தொடக்கத்தில் உள்ள தரைக் கணக்கை எழுதுங்கள். குறுக்கே எத்தனை நீளவாக்கு, எத்தனை குறுக்குவாக்கு என்ற எல்லாச் சேர்க்கைகளையும் ஓட்டுங்கள். 700, 770, 810 மூன்றும் வந்தால் அடித்தளம் சரி.

அடுத்து, பல அளவுகளுக்கு மூலைப்புள்ளிப் பட்டியலும் அடிப்பரப்பு வரிசையும். அதில் மறக்காமல் ஒரு சோதனை வையுங்கள்: பெட்டியின் அடிப்பாகம் முழுவதும், குறைந்தது பெரும்பகுதியாவது, எதன்மேலாவது உட்கார்ந்திருக்கிறதா? இதைப் பார்க்காத நிரல் பெட்டியை அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டு, விழுக்காட்டைக் கூட்டிக் காட்டும். வாசல் உயரத்தை இரண்டாவது சோதனையாகச் சேருங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, பிஷாஃப், ராட்கிளிஃப் இருவரும் 1995-இல் வெளியிட்ட 700 சோதனைக் கணக்குகள் ஓ.ஆர். லைப்ரரி என்ற இணையத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. எல்லாவற்றுக்கும் 587 × 233 × 220 செ.மீ. கன்டெய்னர்; பெட்டி வகைகள் 3-இல் தொடங்கி 20 வரை போகும். நல்ல முறைகள் அவற்றில் 90 விழுக்காட்டைத் தாண்டுகின்றன. முதல் முயற்சியில் 80-ஐ ஒட்டி வந்தால் கவலைப்படாதீர்கள். பெட்டி வரிசையைக் குலுக்கிக் குலுக்கி ஆயிரம் முறை ஓட்டி, கிடைத்ததில் நல்லதை எடுத்தாலே எண் மேலே ஏறும். திருப்தியாக வந்ததும் சுவர் வாரியாகப் படம் அச்சிட்டு, ஏற்றும் ஆட்களின் கையில் கொடுத்து ஒரு லோடு முழுக்க வாசலில் நின்று பாருங்கள். அவர்கள் படத்தை விட்டு விலகும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொண்டு வந்து, ஏன் என்று கேட்டு, அடுத்த விதியாக எழுதுங்கள்.